யாரும் கண்டெடுக்காத நடிகை: ழான் மோரோ குறித்து வாசகர் கேள்விகள்

பிரெஞ்சுத் திரைப்பட நடிகை ழான் மோரோவின் நினைவுநாளை ஒட்டிச் சென்ற இதழில் நாம் வெளியிட்ட சிறு குறிப்பில், அவர் 1928 ஜனவரி 23 அன்று பாரிஸில் பிறந்தவர், 2017 ஜூலை 31 அன்று அதே நகரில் 89-ஆம் வயதில் மறைந்தவர் என்னும் விவரமும், முக்கியமான சில படங்களின் பெயர்களும் மட்டுமே இடம்பெற்றிருந்தன. அதைப் படித்துவிட்டுத் தொண்டி தொடங்கி மூக்கையூர் வரை நம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்துள்ள கடிதங்களைப் பார்த்தபோது, இம்முறை கேள்வி-பதில் பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்குவது முறை என்று தோன்றியது. கேள்வி கேட்டவர்களின் பெயரைத் தவிர்த்து, ஊரை மட்டும் தருகிறோம்.

கேள்வி: ஐயா, மோரோவை இயக்குநர் லூயி மால் 1957-ல் கண்டுபிடித்தார் என்று பல காணொளிகளில் சொல்கிறார்கள். அப்போது அவருக்கு 29 வயது ஆகியிருக்க வேண்டும். அதுவரை அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? (கல்லூரி மாணவர், ராமநாதபுரம்)

பதில்: திரையுலகம் விரும்பிச் சொல்லும் கதை அது, நடந்தது வேறு. அவர்கள் இருவரும் சேர்ந்து பணியாற்றத் தொடங்கியபோது, மோரோ பாரிஸ் நாடக மேடையில் பத்தாண்டுப் பழக்கம் உள்ள, தலைமை வேடங்கள் தாங்கிய நடிகை. மாலோ கதைப்படம் ஒன்றைக்கூட அதுவரை இயக்கியிராத, 25 வயது நிரம்பாத இளைஞர். யார் யாருக்கு வாய்ப்புக் கொடுத்தார் என்று கேட்டால், கொடுத்தவர் மோரோ என்றே நான் சொல்வேன்.

அவருடைய தந்தை பாரிஸின் மோமார்த்ர் பகுதியில் உணவகம் நடத்தியவர். தாய் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலிருந்து வந்து, ஃபோலி பெர்ஜேர் என்னும் புகழ்பெற்ற கேளிக்கை அரங்கில் நடனமாடியவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படை பாரிஸைக் கைப்பற்றி வைத்திருந்த ஆண்டுகளில், ஆங்கிலேயப் பெண் என்ற காரணத்தால் தாய் கண்காணிப்புக்கு உள்ளாக, மகளின் பள்ளிப் பருவம் அந்த நெருக்கடிக்குள்ளேயே கழிந்தது. நாடகம் பார்க்கத் தொடங்கிய பதின்பருவத்திலேயே, நடிப்பதுதான் தன் தொழில் என்று அவர் முடிவுசெய்துகொண்டார். தந்தை கடுமையாக எதிர்த்தார். தாய் துணை நின்றார். மேடையில் ஆடிய பெண்ணை விரும்பி மணந்துகொண்ட மனிதருக்குத் தன் மகள் மேடையேறுவது மட்டும் ஏன் பொறுக்கவில்லை என்று கேட்கத் தோன்றும். ஆனால் இதில் பிரான்சுக்கு மட்டும் உரியது என்று சொல்ல எதுவுமில்லை.

பாரிஸில் அரசு நாடகப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த அவர், 1947-ல் ழான் விலார் அவிஞோன் நகரில் தொடங்கிய நாடக விழாவின் முதல் ஆண்டிலேயே மேடையேறினார். அதே ஆண்டில், 1680-ல் நிறுவப்பட்ட கொமெதி ஃபிரான்சேஸ் என்னும் தேசிய நாடகக் குழு அவரைச் சேர்த்துக்கொண்டது. அப்போது அவருக்கு 20 வயதுகூட நிறையவில்லை. நம் வழக்கில் சொன்னால் அரசாங்க உத்தியோகம் அது. நான்காண்டுகளில் அதை விட்டுவிட்டு விலாரின் குழுவுக்குச் சென்றார். 1951-ல் ஜெரார் ஃபிலிப்புடன் அவிஞோனில் நடித்தார். உறுதியான இடத்தை விட்டு, வேலை சுவையாக இருக்கும் இடத்துக்குப் போவது என்ற அவருடைய வாழ்நாள் பழக்கம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. 1956 இறுதியில் பாரிஸ் மேடையில் பீட்டர் புரூக் இயக்கிய டென்னசி வில்லியம்ஸ் நாடகத்தில் தலைமைப் பாத்திரம் ஏற்றிருந்தபோதுதான் மால் அவரைப் பார்த்தார். அந்த புரூக், பின்னாளில் மகாபாரதத்தை ஒன்பது மணி நேர நாடகமாக்கி, 1985-ல் அதே அவிஞோனில் முதன்முதலாக அரங்கேற்றியவர். மல்லிகா சாராபாய் அதில் திரௌபதி.

திரைப்படங்களிலும் மோரோ 1949 முதலே இருந்தார். ழாக் பெக்கெர் 1954-ல் இயக்கிய குற்றக்கதையில் ழான் காபன் போன்ற பெரிய நடிகரோடு தோன்றியிருக்கிறார். ஆனால் கண்ணுக்குக் கீழே கருவளையம், கீழ்நோக்கி வளைந்த உதடு, சமச்சீர் இல்லாத முகம் என்று குறை கண்ட படத்துறையினர், தடித்த ஒப்பனையால் அவற்றை மறைத்து, மறைத்த பின்னும் நிறைவடையாமல், அவருக்கு இரண்டாம் தரமான வேடங்களையே கொடுத்துவந்தார்கள்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் பாட்டனார் காலம் வரை சங்கு குளித்தவர்கள் உண்டு. லூயி மால் முதலில் கடலுக்கடியில் படமெடுத்தவர் என்று கேள்விப்பட்டேன், உண்மையா? மீன்களைப் படமெடுத்தவர் மோரோவை எப்படி இயக்கினார்? (கீழக்கரை)

பதில்: உண்மை. கப்பல் தலைவர் ழாக் கூஸ்தோவுடன் இணைந்து மால் இயக்கிய ஆவணப்படம், செங்கடல், இந்தியப் பெருங்கடல் எனப் பல கடல்களின் அடியில் எடுக்கப்பட்டு, 1956-ல் கான் திரைப்பட விழாவின் தலைமைப் பரிசான தங்கப் பனை விருதையும் பின்னர் ஆஸ்கர் விருதையும் பெற்றது. மூச்சை அடக்கி முத்தும் சங்கும் எடுத்த மரபில் வந்தவர்கள் அதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். காற்றுக்கலனை முதுகில் கட்டிக்கொண்டு இறங்குகிறவர்களைப் பார்த்து உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்று அறிய எனக்கு ஆவல் உண்டு.

உங்கள் இரண்டாவது கேள்வியில் நல்ல கூர்மை இருக்கிறது, ஏனெனில் மாலே அதைப் பற்றிப் பின்னாளில் பேசியிருக்கிறார். நடிகர்களை இயக்கத் தமக்குத் தெரியாது என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். ஆகவே தெரிந்தவரிடம் சென்றார். 'தூக்குமேடைக்கு ஒரு லிஃப்ட்' என்ற அந்தப் படத்தில், பெருஞ்செல்வரின் மனைவியான ஃப்ளோரான்சும் அவளுடைய காதலனும் சேர்ந்து கணவனைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள். கொலையை முடித்துத் திரும்பும் காதலன், விட்டுவந்த தடயத்தை எடுப்பதற்காக மீண்டும் மேலே செல்ல, வார இறுதி என்பதால் காவலாளி கட்டடத்தின் மின்சாரத்தை நிறுத்திவிட, நடுவழியில் லிஃப்டுக்குள் சிக்கிக்கொள்கிறான். அவன் தன்னைக் கைவிட்டுவிட்டான் என்று எண்ணும் ஃப்ளோரான்ஸ், இரவெல்லாம் பாரிஸ் தெருக்களில் தேடி அலைகிறாள். கதை என்ற அளவில் சாதாரணமான துப்பறியும் கதைதான். அந்த அலைச்சலுக்காகவே படம் இன்றும் நிற்கிறது.

ஒளிப்பதிவாளர் ஆன்ரி தெக்கா அக்காட்சிகளுக்கு விளக்கு அமைக்கவில்லை. கொஞ்ச வெளிச்சத்திலும் பதிவாகும் படச்சுருளைப் பயன்படுத்தி, ஷான்செலிசே வீதியின் கடைக் கண்ணாடிகளிலிருந்து வரும் வெளிச்சத்தை மட்டும் நம்பி, குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டியில் கேமராவை ஏற்றி, நடந்துவரும் மோரோவுக்கு முன்னால் தள்ளிக்கொண்டே எடுத்தார்கள். முகத்தில் ஒப்பனை ஏறத்தாழ இல்லை. சுருளைக் கழுவிய கூடத்தின் தொழில்நுட்பர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தயாரிப்பாளரிடம் போய், இந்த இருவரும் மோரோவைக் கெடுக்கிறார்கள், இதை அனுமதிக்கக் கூடாது என்று முறையிட்டதாக மால் நினைவுகூர்ந்திருக்கிறார். அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை; நடிகையின் முகம் எப்படித் தெரிய வேண்டும் என்று அன்றைய படத்துறை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்ததோ, அதற்கு உண்மையாக நடந்துகொண்டார்கள். அந்த முகத்தில் ஒரே நொடிக்குள் சலிப்பும் ஏக்கமும் சினமும் மாறிமாறி வருவதைத் தடித்த பூச்சு இத்தனை ஆண்டுகளாக மூடியிருந்தது என்பது, பூச்சு போன பிறகுதான் மற்றவர்களுக்குப் புரிந்தது. இதில் மாலின் துணிவைப் பாராட்டுகிறவர்கள், கடைவீதி வெளிச்சத்தில் வெறும் முகத்தோடு நடக்கச் சம்மதித்தவரின் துணிவை மறந்துவிடுகிறார்கள். படம் தோற்றிருந்தால் மால் மீண்டும் கடலுக்குப் போயிருக்கலாம். மோரோ போவதற்கு அப்படி ஓர் இடம் படத்துறையில் இல்லை.

இசையைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்க ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ், 1957 டிசம்பரில் ஓர் இரவில், திரையில் காட்சிகள் ஓட ஓட, எழுதிவைத்த இசைக்குறிப்புகள் ஏறக்குறைய ஏதுமின்றி நான்கு இசைக்கலைஞர்களுடன் வாசித்துப் பதிவுசெய்ததே அந்தப் படத்தின் இசை. நம்முடைய கச்சேரி மேடையில் மனோதர்மம் என்று எதைச் சொல்கிறோமோ, அதற்கு மிக அருகில் இருக்கும் திரையிசை அது.

கேள்வி: அவருடைய படம் ஒன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனதாமே? (வழக்கறிஞர், ராமநாதபுரம்)

பதில்: ஆம். 1958-ல் மாலும் மோரோவும் சேர்ந்து எடுத்த 'காதலர்கள்' என்ற படம் அது. மாகாண நகரம் ஒன்றில் செய்தித்தாள் உரிமையாளரின் மனைவியாக இருக்கும் ஒருத்தி, ஒரே இரவின் அன்பை நம்பிக் கணவனையும் குழந்தையையும் விட்டுச் செல்கிறாள். வெனிஸ் விழாவில் சிறப்புப் பரிசு பெற்ற அந்தப் படத்தைத் திரையிட்டதற்காக, ஒகையோ மாநிலத்தில் ஒரு திரையரங்கின் மேலாளருக்கு 2,500 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. 1964 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அந்தத் தண்டனையை நீக்கியது. ஆனால் எந்தக் காரணத்தால் நீக்குகிறோம் என்பதில் நீதிபதிகளுக்குள் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. ஆபாசம் எது என்று வரையறுக்கத் தம்மால் இயலாமற்போகலாம், பார்த்தால் தெரிந்துவிடும், இந்தப் படம் அது அன்று என்ற பொருளில் நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட் எழுதியது, சட்டக் கல்லூரிகளில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

படத்தை எதிர்த்தவர்களை உண்மையில் சீண்டியது உடல் அன்று என்பது என் எண்ணம். தவறு செய்தவள் இறுதியில் அழுது வருந்தவோ தண்டிக்கப்படவோ வேண்டும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, வருந்தாமலும் வெற்றிக் களிப்பு இல்லாமலும், இனி என்ன ஆகுமோ என்ற ஐயத்தோடு விடியற்காலையில் காரில் ஏறிச் செல்லும் ஒரு பெண்ணை மோரோ காட்டினார்.

கேள்வி: மோரோவின் நடிப்பில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது? முகமா, குரலா? (பாம்பன்)

பதில்: நடை. தெருவில் நடப்பதையே நடிப்பாக்கிய இன்னொருவரை என்னால் எளிதில் சொல்ல முடியவில்லை. லிஃப்ட் படத்தில் அவர் நடப்பது தேடும் நடை. எதிரே வரும் கார்களைப் பொருட்படுத்தாமல் சாலையைக் கடக்கும்போது, உடல் எங்கே இருக்கிறது என்ற நினைவே இல்லாத ஒருத்தியை அந்தக் கால்கள் காட்டிவிடுகின்றன. 1961-ல் இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனி எடுத்த 'இரவு' படத்தில், எழுத்தாளரான கணவனின் நூல் வெளியீட்டு விருந்திலிருந்து நழுவி மிலான் நகரத்தின் ஓரப் பகுதிகளில் நடந்துகொண்டே இருக்கிறார். சுவரின் உதிரும் காரையைத் தொட்டுப் பார்க்கிறார், சண்டையிடும் இளைஞர்களை நின்று பார்க்கிறார், வசனம் அநேகமாக இல்லை. அந்த நடைக்கு எதுவும் தேவையில்லை, எங்கும் போய்ச் சேர வேண்டியதும் இல்லை. மணவாழ்வு முடிந்துபோனதை அவர் சொல்வதற்கு வெகு முன்பே நாம் தெரிந்துகொண்டுவிடுகிறோம். பெர்லின் விழாவில் அந்தப் படத்துக்குத் தங்கக் கரடி விருது கிடைத்தது. ழாக் தெமி 1963-ல் இயக்கிய 'தேவதைகள் விரிகுடா'வில், வெளுத்த தலைமுடியோடு நீஸ் நகரத்தின் கடற்கரைச் சாலையில் தனியாக வருகிறார். சூதாட்டத்தில் இரவு முழுவதையும் கழித்தவளின் நடை அது. கடற்கரையை நாள்தோறும் பார்க்கிற நமக்கு, பணக்காரர்களின் கடற்கரை எவ்வளவு வெறுமையாக இருக்கக்கூடும் என்பதைக் காட்டும் படம்.

இதைக் கவனித்தவர் நான் ஒருவன் மட்டும் அல்லன். 1964-ல் 'பணிப்பெண்ணின் நாட்குறிப்பு' படத்தில் அவரை இயக்கிய லூயி புனுவல், மோரோ நடக்கும்போது உயர்ந்த குதிகால் செருப்பின்மேல் பாதம் சற்றே நடுங்குவதையும், அது ஒருவகை நிலைகொள்ளாமையை உணர்த்துவதையும் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். 'ஜூல்ஸும் ஜிம்மும்' படத்தைப் பேரன் போட்டுக் காட்டினான். இரண்டு நண்பர்களையும் அலைக்கழித்து, கடைசியில் ஒருவனைச் சாவுக்கும் இழுத்துச் செல்லும் கத்தரின் என்ற அந்தப் பெண்ணை விடுதலையின் அடையாளமாகக் கொண்டாடுகிறார்களே, இது சரியா? (தங்கச்சிமடம்)

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது, ஐயா. 1962-ல் வெளிவந்த அந்தப் படத்தை விரும்புகிற பலரும் முதல் பாதியோடு நினைவை நிறுத்திக்கொள்கிறார்கள். ஆண் வேடமிட்டு மீசை வரைந்துகொண்டு பாலத்தின்மீது ஓடும் கத்தரினைச் சுவரொட்டியாக்கிவிட்டு, பின்பாதியின் துயரத்தை மறந்துவிடுகிறார்கள். இயக்குநர் ஃபிரான்சுவா த்ரூஃபோ அவளைத் தெய்வமாக்கவும் இல்லை, குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் இல்லை. மோரோ இன்னும் ஒருபடி மேலே போகிறார்: கத்தரின் பிறரைத் துன்புறுத்தும் கணத்தில் அவளே துன்புறுவதையும், மகிழ்ச்சியாகச் சிரிக்கும் கணத்தில் அந்தச் சிரிப்பு கணக்கிடப்பட்டது என்பதையும் ஒருங்கே காட்டுகிறார். அவளைப் பின்பற்றத்தக்கவள் என்று படம் எங்கும் சொல்லவில்லை. ஆனால் அவள் இருக்கும் அறையில் மற்றவர்கள் ஏன் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நாம் நம்ப வேண்டும். நம்பவைத்தது மோரோவின் திறமை.

அந்தக் கதைக்கு உண்மை வாழ்வில் மூலம் உண்டு. ஆன்ரி-பியேர் ரோஷே தம் இளமைக்கால அனுபவத்தை வைத்துத் தம் 74-ஆம் வயதில், 1953-ல் வெளியிட்ட முதல் நாவல் அது. த்ரூஃபோ அதைப் படமாக்கத் தொடங்குமுன், 1959-ல் ரோஷே மறைந்துவிட்டார். ஆனால் கத்தரினுக்கு மூலமாக இருந்த ஹெலன் ஹெசெல் என்ற ஜெர்மானியப் பெண்மணி முதுமையில் படத்தைப் பார்த்துவிட்டுத் த்ரூஃபோவுக்குக் கடிதம் எழுதினார். அவருடைய மகன் ஸ்தெஃபான் ஹெசெல், ஐக்கிய நாடுகள் அவையில் பணிபுரிந்து, 93 வயதில் எழுதிய ஒரு சிறு நூலால் உலகப் புகழ்பெற்றார்.

படத்தில் மோரோ பாடும் சுழற்காற்றுப் பாடலை உங்கள் பேரன் நிச்சயம் முணுமுணுத்துக்கொண்டிருப்பார். அதை எழுதியவர் செர்ஜ் ரெஸ்வானி. படத்தில் கிட்டார் வாசிப்பவரும் அவரே. பாடும்போது மோரோ ஓரிடத்தில் அடிகளை மாற்றிப் பாடிவிட்டுக் கையை லேசாக அசைத்துச் சமாளிப்பார். த்ரூஃபோ அதைத் திரும்ப எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார். பயிற்சி பெற்ற பாடகியின் குரல் அன்று அது. ஆனாலும் மறு ஆண்டே ரெஸ்வானியின் பாடல்களை மட்டும் கொண்ட ஓர் இசைத்தட்டை அவர் வெளியிடும் அளவுக்கு அந்தக் குரலுக்கு வரவேற்பு இருந்தது.

கேள்வி: என் பாட்டனார் சைகோனில் துணிக்கடை வைத்திருந்தவர். அதனால் சைகோனில் நடக்கும் 'காதலன்' என்ற பிரெஞ்சுப் படத்தை எங்கள் வீட்டில் தேடிப் பிடித்துப் பார்த்தோம். அதில் கதை சொல்லும் முதிய பெண்குரல் மோரோவுடையதா? (தொண்டி)

பதில்: அவருடையதே. மார்கரித் துராஸ் தம் இளமைக்கால நினைவுகளைக் கொண்டு எழுதி, 1984-ல் பிரான்சின் உயரிய இலக்கியப் பரிசான கோன்கூர் பரிசைப் பெற்ற நாவலை, ழான்-ழாக் அன்னோ 1992-ல் படமாக்கினார். துராஸ் 1914-ல் சைகோனுக்கு அருகில் பிறந்தவர். உங்கள் பாட்டனார் கடை வைத்திருந்த நகரத்தின் தெருக்களிலேதான் அவர் பள்ளிக்குப் போனார்.

மோரோவுக்கும் துராஸுக்கும் இருந்த தொடர்பு அந்தக் குரலோடு நிற்பதில்லை. துராஸின் நாவல் ஒன்றைப் பீட்டர் புரூக் 1960-ல் படமாக்கியபோது, ஓர் ஆற்றங்கரைச் சிறுநகரில் சலித்துப்போன தாயாக நடித்ததற்கே மோரோவுக்குக் கான் விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. கிரேக்க நடிகை மெலினா மெர்கூரியோடு அதைப் பகிர்ந்துகொண்டார். அந்தப் படப்பிடிப்பின்போது, உடன் நடித்த ழான்-போல் பெல்மோந்தோ ஓட்டிச் சென்ற கார் விபத்துக்குள்ளாகி, அதில் இருந்த மோரோவின் ஒரே மகன் நினைவிழந்து கிடந்து பிழைத்தான் என்பதை அறிந்தபின் பார்த்தால், அந்தத் தாயின் முகம் வேறுவிதமாகத் தெரியும். 1972-ல் துராஸே இயக்கிய படத்திலும் மோரோ நடித்தார். 2001-ல் வந்த ஒரு படத்தில் முதுமைக்கால துராஸாகவே வேடமேற்றார். புகைத்துப் புகைத்துக் கரகரத்துப்போன அந்தக் குரல் 'காதலன்' படத்தில் இல்லாவிட்டால், அழகான ஒளிப்பதிவு மட்டுமே மிஞ்சும் என்பது என் கணிப்பு.

கேள்வி: பிரிஜித் பார்தோவும் மோரோவும் போட்டியாளர்களா? (தேவிபட்டினம்)

பதில்: பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின. 1965-ல் மெக்சிகோவில் மால் எடுத்த 'விவா மரியா!' படத்தில் இருவரும் சேர்ந்து ஆடிப் பாடிப் புரட்சியும் செய்தார்கள். பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் விருது மோரோவுக்குப் போனது. படம் சுமார்தான்.

கேள்வி: மாலும் அவரும் பிரிந்த பிறகு மால் இந்தியா வந்ததாகவும் சென்னையைப் படமெடுத்ததாகவும் படித்தேன். மோரோவும் உடன் வந்தாரா? (ஏர்வாடி)

பதில்: இல்லை. அவர்களுடைய காதல் உறவு பல ஆண்டுகளுக்கு முன்பே முடிந்திருந்தது. தொழில் நட்பு மட்டும் நீடித்தது. 1968-ல் சிறு குழுவோடு இந்தியா வந்த மால், ஏழு பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடரை எடுத்தார். அதன் இரண்டாம் பகுதியில் சென்னையின் தேரோட்டத்தையும் கலாக்ஷேத்திராவின் நடன வகுப்பையும் காணலாம். அதை பிபிசி ஒளிபரப்பியதால் சினமுற்ற இந்திய அரசு, 1970-ல் அந்த நிறுவனத்தின் தில்லி அலுவலகத்தையே மூடவைத்தது. தெருவின் வெளிச்சத்தில் எது கிடைக்கிறதோ அதையே படமாக்கும் முறையை மால் மோரோவின் முகத்தில் பழகினார் என்று சொன்னால், அது மிகையாகாது.

கேள்வி: நான் குறும்படம் எடுக்க விரும்புகிறேன், வீட்டில், பெண்பிள்ளைக்கு எதற்கு இது என்கிறார்கள். மோரோ படம் இயக்கியிருக்கிறாரா? அவர் காலத்தில் பெண்களுக்கு அது எளிதாக இருந்ததா? (மாணவி, மண்டபம்)

பதில்: எளிதாக இருக்கவில்லை, சகோதரி. உலகின் முதல் பெண் இயக்குநர் எனப்படும் அலிஸ் கீ, 1896-லேயே படமெடுத்த பிரெஞ்சுக்காரர், தமிழில் டி. பி. ராஜலட்சுமி 1936-ல் 'மிஸ் கமலா'வை இயக்கிவிட்டார். ஆனாலும் இரண்டு நாடுகளிலும் அடுத்து வந்த ஒவ்வொரு பெண்ணும் தானே முதல் ஆள் என்பதுபோல முட்டிமோத வேண்டியிருந்தது. ஆர்சன் வெல்ஸ், புனுவல், அந்தோனியோனி, த்ரூஃபோ, லோசி ஆகியோரின் படப்பிடிப்புத் தளங்களில் இருபதாண்டு இருந்த மோரோவுக்கே, தாமாக ஒரு படத்தை இயக்க 48 வயது ஆக வேண்டியிருந்தது. 1976-ல் வந்த 'லூமியேர்' நான்கு நடிகைகளின் நட்பைப் பற்றியது. 1979-ல் வந்த இரண்டாவது படம், போர் மூளவிருக்கும் கோடைக்காலத்தில் கிராமத்தில் வளரும் ஒரு சிறுமியின் கதை. 1983-ல், மௌனப்பட காலத்து அமெரிக்க நடிகை லில்லியன் கிஷ் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். கதைப்படங்கள் இரண்டும் குறையற்றவை என்று சொல்லமாட்டேன். ஆனால் பெண்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் காட்சிகளில், அவரை இயக்கிய ஆண் மேதைகள் எவரிடமும் இல்லாத ஓர் இயல்பு இருக்கிறது. பிற்காலத்தில், 2005-ல், முதல் படம் எடுக்கத் துடிக்கும் இளைஞர்களுக்காக ஆன்ஜே நகரில் ஒரு பயிற்சிப் பட்டறையைத் தொடங்கிவைத்தார்.

சட்டம் தடைசெய்திருந்த கருக்கலைப்பைத் தாங்களும் செய்துகொண்டோம் என்று 1971-ல் 343 பிரெஞ்சுப் பெண்கள் வெளிப்படையாகக் கையெழுத்திட்ட அறிக்கையில் மோரோவின் பெயரும் இருந்தது. சிறைத்தண்டனைக்கு வாய்ப்பிருந்த காலம் அது. 1975-ல்தான் சட்டம் மாறியது. இதையும் உங்கள் வீட்டாரிடம் சொல்வது நல்லதா என்பதை நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: நம் நடிகைகள் நாற்பது வயதுக்குப் பின் அம்மா வேடத்துக்குப் போய்விடுகிறார்கள். மோரோவுக்கு என்ன ஆயிற்று? (பெரியபட்டினம்)

பதில்: அவருக்கும் மெலிந்த ஆண்டுகள் இருந்தன, எழுபதுகளின் பிற்பகுதியில் அமெரிக்க இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கினை மணந்து குறுகிய காலத்தில் பிரிந்ததும் அப்போதுதான். ஆனால் வேடம் சிறியதா பெரியதா என்று பாராமல், யார் இயக்குகிறார் என்பதைப் பார்த்தே படங்களை ஒப்புக்கொண்டார். வெல்ஸிடம் பணமே இருந்ததில்லை. ஆனாலும் காஃப்காவின் கதையில் 1962-லும், ஷேக்ஸ்பியரின் ஃபால்ஸ்டாஃபைக் கொண்டு எடுத்த படத்தில் 1965-லும் சிறு வேடங்களில் வந்து, 1968-ல் மக்காவ் நகரத்தில் நடக்கும் கதையில் தலைமைப் பாத்திரமே ஏற்றார். கதாநாயகியாக மட்டுமே இருந்து பழகியவர் அந்த இடம் போனதும் தடுமாறுவார். தொடக்கம் முதலே நாடகக் குழுவில் இன்று அரசி, நாளை தோழி என்று மாறி மாறி நின்றவருக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. மூப்பை மறைக்கும் கவலையும், 1957-லேயே பூச்சைக் கைவிட்டவருக்குக் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

பிரான்சின் சேசார் விருதைச் சிறந்த நடிகைக்காக அவர் முதன்முதலில் பெற்றது 1992-ல், 64 வயதில். முதிய மோசடிக்காரியாக நடித்ததற்காக. அதே ஆண்டு வெனிஸ் விழா அவருடைய வாழ்நாள் பணிக்காகத் தங்கச் சிங்கம் வழங்கியது. கான் விழாவின் நடுவர் குழுவுக்கு 1975-லும் 1995-லும் இருமுறை தலைமை தாங்கினார். 2012-ல், 103 வயதான போர்த்துகீசிய இயக்குநர் மனுவேல் த ஒலிவேரா படமெடுத்தபோது, 84 வயதான மோரோ அதில் ஒரு வேடமேற்றார். அந்தத் தளத்தில் அவர் இளையவர்.

கேள்வி: இவ்வளவு படங்களில் எதிலிருந்து தொடங்குவது? (மூக்கையூர்)

பதில்: லிஃப்ட் படத்திலிருந்து. ஒன்றரை மணி நேரம்தான். துப்பறியும் கதை என்பதால் வசனத் துணையெழுத்தை விட்டுவிட்டாலும் கதை புரியும். அடுத்து 'தேவதைகள் விரிகுடா', அதன்பின் 'ஜூல்ஸும் ஜிம்மும்'. புனுவலின் படத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். 'இரவு' படத்தைக் கைப்பேசியில் பார்க்க வேண்டாம். அதில் மிலானின் கட்டடங்களுக்கு நடுவே மோரோ பல இடங்களில் விரல்நுனி அளவே தெரிவார், சிறு திரையில் அதுவும் காணாமற்போய்விடும். 'காதலர்கள்' படத்தை வீட்டுப் பெரியவர்களோடு அமர்ந்து பார்ப்பதா என்பது அந்தந்த வீட்டைப் பொறுத்தது. நீதிபதி ஸ்டூவர்ட்டின் தீர்ப்பைத் துணைக்கு அழைத்தாலும், எங்கள் வீட்டில் அது செல்லுபடியாகாது.